ஏழுமலையின் இந்தோனேசியப் பிள்ளைகள்

ஜகார்த்தா விமான நிலைய வாசலில் ஒருவர் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார். அதில் 'மிஸ்டர் ஏழுமலை' என்று எழுதியிருந்தது. நான் நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, எனக்குப் பின்னால் வரும் ஆண்களையெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.

"மிஸ்டர் ஏழுமலை?"

"அவர் என் அப்பா. புதுச்சேரியில் இருக்கிறார்."

"அவர் எப்போது வருவார்?"

வரமாட்டார் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஏஜெண்ட் மிரட்டியதால் அப்பா பேரை அங்கே போட்டிருந்தேன். அதனால் நான் தேன்மொழி ஏழுமலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு வெறும் ஏழுமலை. முதலியார்பேட்டையைத் தாண்டி வேலைக்குப் போகாத என் அப்பாவுக்கு, அவர் இல்லாமலேயே ஜகார்த்தாவில் கார் கதவு திறக்கப்பட்டது.

நான் எதற்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உழவர்கரையில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஓர் அலுவலகம் இருந்தது. அறுபது பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டுவோம். தட்டுவது கதையோ கடிதமோ இல்லை. விஞ்ஞானிகள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களை. யார் யார் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு இதை எழுதினேன் என்று ஒவ்வொரு விஞ்ஞானியும் கட்டுரை முடிவில் ஒரு பட்டியல் கொடுப்பார். பேர், இனிஷியல், வருடம், பக்கம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நாங்கள் தட்டி அனுப்பினால், ஐரோப்பாவில் ஒரு கம்பெனி அதை எண்ணும். யார் பேர் எத்தனை கட்டுரைகளில் வந்திருக்கிறது, அவர் எந்த நாடு, அந்த நாட்டுக்கு மொத்தம் எத்தனை. கடைசியில் நாடுகளை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை வெளியாகும். மந்திரிகள் அதைப் பார்த்து மீசையை முறுக்குவார்கள், அல்லது கோபப்படுவார்கள்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உன் பேனரில் என் பேரைப் போடு, என் பேனரில் உன் பேரைப் போடுகிறேன். யார் பேர் அதிகப் பேனரில் இருக்கிறதோ அவர் பெரிய மனிதர். சிலர் தங்கள் பேனரில் தங்கள் போட்டோவையே நான்கு முறை போட்டுக்கொள்வார்கள். விஞ்ஞானிகளிலும் அப்படி உண்டு. அவர்கள் பேர் எங்கள் மாடியில் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆக, உலக நாடுகளின் அறிவு இன்ன உயரம் என்று அளக்கும் வேலை, தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு உழவர்கரையில் நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே சரிபார்க்கும் நாற்காலியில் இருந்தேன். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் விட்டுவிடும். ஒத்துப்போகாவிட்டால் என்னிடம் வரும். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு இருபத்தைந்து வயது. என் கீழே அறுபது பேர். என் நடையிலேயே அது தெரியும் என்று பின்னால் பேசுவார்கள். உண்மைதான், தெரிய வேண்டும் என்றுதான் அப்படி நடந்தேன்.

அந்த வருடம் இந்தோனேசியாவிலிருந்து புகார் வந்தது. தங்கள் நாட்டு விஞ்ஞானிகளின் பேர்களில் பாதி காணவில்லை, இனிஷியல் எல்லாம் தப்பு, அதனால் பக்கத்து நாட்டுக்குக் கீழே போய்விட்டோம் என்று அவர்களுடைய ஆய்வுக் கவுன்சில் கொந்தளித்திருந்தது. நேரில் வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று ஐரோப்பியக் கம்பெனிக்கு எழுதினார்கள். கம்பெனி எங்களையும் இழுத்தது. தப்பான வரிகளையெல்லாம் தட்டியவரின் எண்ணையும் கண்டுபிடித்து அனுப்பிவிட்டது. பதினான்கு.

பதினான்கு என்றால் சாந்தி. அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், மாடியிலேயே வேகமான கை. வீட்டுக்காரர் ஓடிப்போய் வருடக்கணக்காகிறது. ஒரே மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சாந்தி தட்டிய பக்கங்களை இன்னொரு முறை தட்டிய மாலா கல்யாணமாகிக் கடலூர் போய்விட்டாள். மிச்சம் இருந்தது சாந்தி மட்டும்தான்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் வைத்துக் கத்தினார். "ரெண்டு வருஷமா இன்னாத்த தட்டிக்கினு இருந்த நீ?" சாந்தி திரையைப் பார்த்தபடி, "தேன்மொழி மேடம்தான போறாங்க. அவங்க பாத்து சொல்லுவாங்க சார்" என்றார். மேனேஜருக்கு விசா கிடைக்கவில்லை. என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, இங்கிலீஷும் இருந்தது. மாடிப்படியில் இறங்கும்போது மேனேஜர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "ஒண்ணும் மல்லுக்கட்டாத. ஆபரேட்டர் தப்பு, தூக்கிட்டோம்னு சொல்லிட்டு வா. கதை முடிஞ்சிரும்."

சாந்திக்கு வேலை இருக்குமா போகுமா என்பது என் பெட்டிக்குள் பயணம் செய்தது. பாவமாக இருந்தது. ஆனால் கவனமில்லாமல் வேலை செய்தவருக்காக நான் என்ன செய்ய முடியும் என்றும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் நடக்கவிருந்த பாண்டுங், ஜகார்த்தாவிலிருந்து காரில் போகிற தூரத்தில் மலை மேலே இருக்கிற ஊர். மழை அங்கே ஆபீசுக்கு வருகிற மாதிரி தினமும் பிற்பகலில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. முதல் நாள் காலை ஹோட்டலில் கஞ்சி கொடுத்தார்கள். கஞ்சிக்குள் கோழியைப் பிய்த்துப் போட்டு, மேலே அப்பளம் மாதிரி ஒன்றை நொறுக்கித் தூவியிருந்தார்கள். எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் ஓரத்தில் சுட்ட கருவாடு. கஞ்சி, கோழி என்று இரண்டு தனித்தனிச் சந்தோஷங்களை எதற்கு ஒரே கிண்ணத்தில் போட்டு வீணாக்குகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது கரண்டியில் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

எதிர் மேசையில் ஹான்னா உட்கார்ந்திருந்தார். ஐரோப்பியக் கம்பெனியின் ஆள். உயரமானவர், கைப்பையில் எப்போதும் ஆப்பிள் வைத்திருப்பவர். இரண்டு வருடமாக எனக்குக் காலையில் மெயில் அனுப்பி மாலையில் அவசரப்படுத்தும் அதே ஹான்னா. நேரில் பார்த்ததும் கையைக் குலுக்கி, "நீங்கள் ஆண் என்று நினைத்திருந்தேன், ஏழுமலை" என்றார்.

"என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார், நான் பிறக்கும் வரை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னுடைய நகைச்சுவை எல்லைதாண்டி வேலை செய்யாது என்பதற்கு அது முதல் எச்சரிக்கை. நான் கவனிக்கவில்லை.

அந்த அட்டவணையை ஹான்னா காட்டினார். நாடுகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டுரைக்குச் சராசரியாக எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று. நான் முதலில் தேடியது இந்தியாவை. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது மாதிரி விரல் தானாகப் போனது. இந்தோனேசியாவுக்கு மேலே இருந்தோம். பெருமையாக இருந்தது. அதில் ஒரு கட்டுரையை நான் எழுதியிருந்தால் இன்னும் பெருமையாக இருந்திருக்கும். எல்லோருக்கும் மேலே உச்சியில் ஒரு குட்டி நாடு உட்கார்ந்திருந்தது. "இங்கே இவ்வளவு அறிவாளிகளா?" என்று கேட்டேன். ஹான்னா ஆப்பிளைக் கடித்துக்கொண்டே சொன்னார். "அங்கே ஒரு மருத்துவமனை இருக்கிறது. பெரிய நாட்டு டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளில் அந்த மருத்துவமனையில் ஒருவர் பேரும் கடைசியில் இருக்கும். நாடு சின்னது. சராசரி பெரியது."

எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் பேரன் வரைக்கும் பிரான்ஸ்காரர்கள். அந்த ஒரு வீட்டை வைத்து எங்கள் தெரு மொத்தத்துக்கும் சராசரி எடுத்தால் நாங்களும் ஐரோப்பாதான்.

இரண்டாம் நாள் கூட்டம் இல்லை. கவுன்சில் தலைவர் வெளியூர் போயிருந்தார். எனக்கு ஊரைக் காட்டுவதற்காக ஒருவரை அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயது, தொப்பை, ரெயின்கோட், ஸ்கூட்டர். மரவள்ளிச் செடியின் வேர் அழுகலை ஆராய்ச்சி செய்கிறவர். புகாரில் உதாரணமாகக் காட்டப்பட்டவரும் அவரே என்று பிறகு தெரிந்தது.

"சுகிர்மான்" என்று கையை நீட்டினார்.

"சுகிர்மான்... மேலே?" என்றேன்.

"மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சுகிர்மான்."

"அப்பா பேர்?"

"அப்பாவுக்கு ஒரு பேர் இருந்தது. அது அவரிடமே இருக்கிறது."

அவர்கள் ஊரில் நிறைய பேருக்கு ஒற்றைப் பேர்தானாம். யாரும் யாரிடமும் இனிஷியல் கேட்பதில்லையாம். எங்கள் ஊரில் இனிஷியல் இல்லாத பிள்ளை என்று ஒருவரைச் சொன்னால் ரத்தம் பார்க்காமல் சண்டை ஓயாது. நான் அதைச் சொன்னதும் அவர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே ஸ்கூட்டர் நின்றுபோனது. மழையும் பிடித்துக்கொண்டது.

ஸ்கூட்டரை ஒரு பெட்டிக்கடையில் நிறுத்திவிட்டு ஒரு பச்சை வேனில் ஏறினோம். அங்கோட் என்கிறார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பலகை, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். யாராவது அரை ஃபர்லாங் பின்னாலிருந்து கை காட்டினால் டிரைவர் அவ்வளவு தூரமும் ரிவர்ஸில் போய் ஏற்றிக்கொள்கிறார். இனி இடமில்லை என்று நாம் நினைக்கும்போது இன்னும் மூன்று பேர் ஏறுகிறார்கள். வெளிநாடு என்று மிரண்டிருந்த எனக்கு அந்த வேனுக்குள்தான் உயிர் வந்தது. எங்கள் ஊர் டெம்போவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்த மாதிரி இருந்தது.

எதிரே இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டார்கள். சுகிர்மான் எனக்கு மொழிபெயர்த்தார்.

"மூக்கு குத்தியிருக்கிறாள். இந்தியாக்காரிதான்."

"கேட்டுப் பாரேன், ஆடத் தெரியுமா என்று."

"படத்தில் மழை வந்தால் உடனே ஆடுகிறார்கள். இவள் சும்மா இருக்கிறாளே."

"ஆடுவதற்கு இங்கே கால் வைக்கவே இடமில்லை என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்னார். வேன் முழுக்கச் சிரித்தது. அடுத்த திருப்பத்தில் ஒருவர் இறங்கியதும் அந்தப் பெண் காலியான இடத்தை எனக்குக் கை காட்டினார், இப்போது ஆடலாம் என்பது போல.

இறங்கி ஒரு கடையில் ஒதுங்கினோம். மரவள்ளிக்கிழங்கைப் பொரித்து, பச்சை மிளகாயை அரைத்த காரத்தோடு கொடுத்தார்கள். நாங்கள் வேகவைத்து உப்புப் போடுவோம், அல்லது சிப்ஸ் போடுவோம். பஞ்சு மாதிரி வெடித்துப் பொரிந்த கிழங்கு எனக்குப் புதிது. "நீங்கள் காப்பாற்றும் கிழங்கா இது?" என்றேன். "முயற்சி செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த தாள்களை எடுத்தார்.

"நீங்கள் இதற்குத்தானே வந்திருக்கிறீர்கள். இதைப் பாருங்கள். என் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்கள் பட்டியல். உங்கள் கணக்கில் இதில் பாதி எனக்கு வரவில்லை. எங்கள் நாட்டில் இல்லவே இல்லாத இந்த ஆளுக்குப் போயிருக்கிறது."

விரல் வைத்த இடத்தில் பார்த்தேன். சுகிர்மான், ஈ.

கீழே இன்னொரு சுகிர்மான், ஈ. அடுத்த தாளில் மற்றவர்கள். சுயோனோ, ஈ. வர்தினி, ஈ. ஹர்ஜோ, ஈ. ஒற்றைப் பேர்க்காரர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் ஒரே ஆங்கில எழுத்து.

"யார் இந்த ஈ? எங்கள் நாடு முழுக்க இவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார் சுகிர்மான்.

என் அப்பா பேரை ஆங்கிலத்தில் ஈயில்தான் தொடங்குவோம்.

கையிலிருந்த கிழங்கைத் தட்டிலேயே வைத்தேன். எனக்கு ஒரு பிற்பகல் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தையது. கரண்ட் போய் வந்திருந்தது, மாலைக்குள் வேலையை அனுப்ப வேண்டும், ஆளாளுக்கு என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். சாந்தி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "மேடம், இந்த ஆளுக்கு இனிஷியலே இல்ல. பெட்டிய காலியா வுட்டா அடுத்ததுக்கு நவுர மாட்டேங்குது. இன்னா போடறது?"

நான் தலையை நிமிர்த்தவே இல்லை. "அப்பன் பேரு இல்லன்னா எங்கப்பா பேரைப் போடு" என்றேன்.

மாடியே சிரித்தது. நான் நல்ல ஜோக் அடித்துவிட்டேன் என்று அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு உற்சாகமாக இருந்தது. சாந்தி சிரித்தாரா என்று பார்க்கவில்லை. அவர் போய் ஈ போட்டிருக்கிறார். மாலாவிடமும் மேடம் ஈ போடச் சொன்னாங்க என்று சொல்லியிருக்கிறார். இருவரும் ஒன்றையே தட்டியதால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரவில்லை. என் நாற்காலிக்கு ஒரு வரிகூட வந்து சேரவில்லை.

"உடம்பு சரியில்லையா? காரமா?" என்றார் சுகிர்மான்.

"காரம்" என்றேன்.

சாயங்காலம் ஹோட்டலுக்கு மேனேஜர் போன் செய்தார். "என்னா, பட்டியலைப் பாத்தியா? நாளைக்கு பதினாலுன்னு சொல்லிட்டு வா."

"சார், அவங்களுக்கு ஒரு பொண்ணு படிக்குது."

"இங்க அறுபது பேரு வூட்லயும் புள்ளைங்க படிக்குதும்மா. ஆர்டர் போச்சுன்னா எல்லாம் ரோட்டுல. ஒருத்தி போனா போறா. நீ ஏன் ஒரு மாதிரி பேசற?"

நான் போனை வைத்தேன். வசதியான தப்பு அது. எண் பதினான்கு என்று கம்ப்யூட்டரே சாட்சி சொல்கிறது. நான் வாயால் சொன்னதற்கு எங்கும் பதிவு இல்லை. சிரித்தவர்கள் மறந்திருப்பார்கள். சாந்தி சொன்னாலும் யார் நம்புவார்கள்? சரிபார்க்கும் நாற்காலியில் இருப்பவள் தன் அப்பா பேரை இந்தோனேசியர்களுக்குக் கொடுத்தாள் என்றால் நானே நம்பமாட்டேன். கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தப்பிக்கும் வழி இன்னும் நேராகிக்கொண்டே போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் கூட்டம். நீள மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிறு அட்டைப்பெட்டியில் பலகாரம். கவுன்சில் தலைவருக்கு ஆங்கிலம் தெரிந்தாலும் நாட்டு மரியாதைக்காக மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தார். சுகிர்மான் கோட் போட்டு அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தலைவர் அட்டவணையைத் திரையில் போட்டு, பக்கத்து நாட்டின் பேரைச் சிவப்பு விளக்கால் ஐந்து முறை சுற்றினார். அந்த நாட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் தசமப்புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இடத்தில் இருந்தது.

எங்கள் முறை வந்தது. நான் முதலில் சண்டைக்குப் போனேன். "இனிஷியல் பெட்டியைக் காலியாக விட்டால் சாஃப்ட்வேர் நகராது. அந்த சாஃப்ட்வேர் எங்களுடையது இல்லை" என்று சொல்லிவிட்டு ஹான்னாவைப் பார்த்தேன். தலைவரும் ஹான்னாவைப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிடம் சுகமாக இருந்தது.

ஹான்னா ஆப்பிளைக் கீழே வைத்தார். "சரி, அது எங்கள் தப்பு. ஆனால் சந்தேகம் வந்தால் மேலே இருப்பவரிடம் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பதினான்கு கேட்டாரா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

"கேட்டார்" என்றேன்.

"யாரிடம்?"

"என்னிடம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

ஒரு ஜோக்கைச் சாகடிக்க வேண்டுமென்றால் அதை ஓர் அரசாங்கக் கூட்டத்தில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "என் அப்பாவின் பேரைப் போடு என்று சொன்னேன்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை அவர்கள் பாஷையில் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். தலைவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இவருடைய அப்பா விஞ்ஞானியா?"

"இல்லை. ஆலைத் தொழிலாளி. ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன்."

"அப்படியானால் எதற்கு அவர் பேர்?"

"கோபத்தில் சொன்னேன். கிண்டலாக. தட்டியவர் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். நான் மேலதிகாரி, நான் சொன்னால் அது உத்தரவுதான். தப்பு பதினான்குடையது இல்லை. என்னுடையது."

முதலில் சிரித்தவர் சுகிர்மான். "அப்படியானால் இரண்டு வருடமாக நான் திரு. ஏழுமலையின் மகன்" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கத் தொடங்கினேன். அவர் முடிப்பதற்குள் சிரித்துவிட்டேன், அதுதான் தப்பு.

"சிரிப்பாகத்தான் இருக்கிறது" என்றார் அவர், அதே முகத்தோடு. "என் எண்ணிக்கை குறைந்தது என்று என் ஆராய்ச்சிக்கான பணத்தைப் பாதியாக்கினார்கள். இரண்டு மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். அவர்களுக்கு இந்த ஜோக்கை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்."

எனக்கு எதிரே இருந்த பலகாரப் பெட்டியை நான் திறக்கவே இல்லை.

கூட்டம் முடிந்து நடைபாதையில் ஹான்னா பேசினார். இனி காலிப் பெட்டி காலியாகவே இருக்கலாம், சாஃப்ட்வேரை அவர்கள் மாற்றுவார்கள். எல்லா ஈயையும் எங்கள் அலுவலகமே எடுக்க வேண்டும். ஆர்டர் தொடரும். பதினான்காம் எண்காரர் மேல் புகார் இல்லை. "ஆனால் நீங்கள் சரிபார்க்கும் நாற்காலியில் இருக்க முடியாது. மன்னிக்கவும்" என்றார். பிறகு கைப்பையைத் துழாவி எனக்கு ஓர் ஆப்பிள் கொடுத்தார். ஒருவரை வேலையிலிருந்து இறக்கும்போது பழம் கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கமோ என்னவோ. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

சுகிர்மான் என்னை ஸ்கூட்டரில் கொண்டுவிடவில்லை. வேறு ஒருவரை அனுப்பினார். அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஊர் திரும்பினேன். அரசாங்கம் எங்கள் ஊருக்கே அப்போதுதான் பேர் மாற்றியிருந்தது. பாண்டிச்சேரி, புதுச்சேரி ஆகியிருந்தது. எத்தனை கம்ப்யூட்டரில் எங்கள் ஊர் இரண்டாக உடைந்து கிடக்கிறதோ என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். மேனேஜர் அரை மணி நேரம் கத்தினார். கத்தி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "உனுக்கு ஏன்மா இந்த வேண்டாத வேல?" என்று சாதாரணமாகக் கேட்டார். என் நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்விக்கு, மாடியிலேயே திறமையான கை யாருடையதோ அவர்தான் என்று அவரே முடிவு செய்தார். சாந்தி உட்கார்ந்தார். நான் வரிசையில் போய் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என் அப்பாவை ஒவ்வொரு இந்தோனேசியரிடமிருந்தும் பிரிக்கத் தொடங்கினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா நான் பயந்த மாதிரி எதுவும் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து இறக்கப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "என் பேர்ல அத்தினி பேரா? எல்லாரும் விஞ்ஞானியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்."

"எல்லாத்தயும் எடுத்துடுவியா?"

"எடுத்தாவணும்ப்பா."

"ஒண்ணு ரெண்ட வுட்டு வையேன். யாரு பாக்கப் போறா" என்றார்.

எல்லாவற்றையும் எடுத்தேன். இரண்டு மாதம் ஆனது. திருத்திய அட்டவணை வந்தபோது இந்தோனேசியா அதே இடத்தில்தான் இருந்தது. பக்கத்து நாட்டிலும் ஒற்றைப் பேர்க்காரர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் நாங்கள் ஈ கொடுத்திருக்கிறோம். இருவரும் சேர்ந்து ஏறிவிட்டார்கள். ஆனால் தனி ஆட்களின் பட்டியலில் சுகிர்மானின் வரி நீண்டிருந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. ஒரு மாணவர் திரும்பி வந்துவிட்டார். இன்னொருவர் செல்போன் கடை வைத்துவிட்டார், வரமாட்டார்.

இவ்வளவும் நடந்து முடியும் வரை சாந்தி எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். ஒருவருடைய வேலையை என் நாற்காலியைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறேன், ஒரு வார்த்தை வரக்கூடாதா என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள் மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது நானே கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு மேனேஜர் எல்லாருக்கும் எதிர்ல அந்தக் கத்து கத்தனாரே. நான்தான் ஈ போடச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

சாந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நீ கிண்டல் பண்றன்னு எனக்கு அன்னிக்குத் தெரியல தேனு. அப்பன் பேரு இல்லாதவனுக்குத் தன்னோட அப்பா பேரையே குடுக்குதே இந்தப் பொண்ணு, பெரிய மனசுதான்னு நெனச்சேன். என் பொண்ணு இனிஷியலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான தெரியும்."

"சரி, அப்புறம் தெரிஞ்சிருக்கும்ல. மேனேஜர் கத்தும்போது சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்."

"பின்ன?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டு முடித்தார். "நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

அவர் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு நாற்காலிக்குப் போனார். கால் மணி நேரத்தில் என் திரையில் வேலை திரும்பி வந்து விழுந்தது. அன்று காலை நான் தட்டியதில் மூன்று தப்பு இருப்பதாகக் குறித்து அனுப்பியிருந்தார். மூன்றையும் மூலப் பக்கத்தோடு வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். மூன்றும் தப்புதான்.